வானிலிருந்து குதிப்பவரும் வாசலில் நிற்பவரும்

தன் மகிழ்ச்சிக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்க ஒரு மனிதனுக்கு உரிமை உண்டா? அறநூல் கற்ற பெரியோரிடம் கேட்க வேண்டிய இக்கேள்வியைக் கணக்கெழுத்தனாகிய என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு படிவம்.

துபாயில் ஒரு சரக்கு நிறுவனத்தில் நான் பணியாற்றிய காலம் அது. 2012ஆம் ஆண்டின் தொடக்கம். அடுத்த மேசைக்காரர் ஓர் ஆங்கிலேயர், நாற்பதைக் கடந்தவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பனார். ஒருநாள் நண்பகலில் அவர் ஒரு தாளை என் முன் வைத்தார். விமானத்திலிருந்து வான்குடையுடன் குதிக்கும் திடலுக்கு எழுதித்தர வேண்டிய உறுதிமொழிப் படிவம். அதன் கீழ்ப்பகுதியில், விபத்து நேர்ந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்று கேட்டு ஒரு வெற்றிடம். "என் மனைவி தன் எண்ணை எழுத மறுக்கிறாள். அந்தச் செய்தி வருவதற்கு நானே வழி சொல்லிக்கொடுப்பேனா என்கிறாள். உங்கள் எண்ணை எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார்.

பத்து இலக்கங்கள்தாம். ஆயினும் அன்று முழுவதும் கணக்குப் புத்தகத்தில் என் மனம் செல்லவில்லை. எண்ணைக் கொடுத்தால் அவருடைய விளையாட்டுக்கு நானும் உடந்தை என்றாகும். மறுத்தால் அவர் குதிக்காமல் இருக்கப் போவதில்லை. ஒரு துன்ப வேளையில் அவருக்காக ஓடிவர ஓர் ஆள் குறைவான் என்பதே மிச்சம். மறுநாள் காலையில் எழுதிக்கொடுத்தேன். நான் செய்தது சரிதானா என்ற ஆராய்ச்சி அதன் பிறகே தொடங்கிற்று.

வானிலிருந்து குதிப்பவர் என்றதும் விண்வெளியின் விளிம்பிலிருந்து பாய்ந்து உலகையே திரும்பிப் பார்க்கச் செய்த ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் போன்றோர் நம் நினைவுக்கு வருவர். 2012 அக்டோபரில் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த அவர், 2025 ஜூலையில் இத்தாலியில் மிகத் தாழ்வான ஒரு பறத்தலின்போது உயிரிழந்தார். என் நண்பர் அந்த இனத்தைச் சேர்ந்தவரல்லர். ஞாயிறு முதல் வியாழன் வரை அவரும் என்னைப் போலவே சரக்குச் சீட்டுகளைச் சரிபார்ப்பவர். வரவேண்டிய பணத்துக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுபவர். மூத்த மகளின் பல் மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசியில் மன்றாடுபவர். வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்த அக்காலத்தில், வெள்ளி விடியலில் நான் இன்னும் போர்வைக்குள் இருக்கும்போது அவர் பாலைவனச் சாலையில் வண்டியோட்டிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை அவருடன் நானும் சென்றேன். அன்று நான் கண்டதில் பெரும்பகுதி குதித்தலன்று, காத்திருத்தல்! காற்று சற்று வேகமெடுத்தால் விமானம் கிளம்பாது. மேகம் தாழ்ந்தால் கிளம்பாது. பெரிய கூடாரம் ஒன்றின் நிழலில் ஆண்களும் பெண்களும் விரிப்புகளின் மீது மண்டியிட்டு, தத்தம் வான்குடைகளை மடித்துக்கொண்டிருந்தனர். நண்பர் தம்முடையதைத் தாமே மடித்தார். கயிறு கயிறாகப் பிரித்து, மடிப்பு மடிப்பாக நீவி, வழுக்கியோடும் அந்த நைலான் துணியை முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிச் சிறு பைக்குள் அடக்கினார். பேச்சுக் கொடுத்தேன்; பதில் இல்லை. முடித்த பிறகு, "மடிக்கும்போது பேசுகிறவனுடன் நான் விமானம் ஏறமாட்டேன்" என்றார். கறாரான கணக்கர்கள் பேரேட்டைக் கூட்டும்போது இதையே சொல்வார்கள்.

முதுகுப்பைக்குள் இருப்பவை இரண்டு குடைகள். ஒன்று வழக்கமானது. மற்றது, முதலாவது கைவிட்டால் விரிக்க வேண்டிய காப்புக்குடை. இரண்டாவதைக் குதிப்பவர் தாமே மடிக்கக்கூடாது. உரிமம் பெற்ற வல்லுநர் மடித்து முத்திரையிட வேண்டும். குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 180 நாட்களுக்கு ஒருமுறை அதனைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. இவற்றோடு 1991இல் ஜெர்மனியில் உருவான சைப்ரஸ் என்னும் சிறு கருவியும் உண்டு. குதித்தவர் மயங்கிவிட்டாலோ உயரத்தை மறந்துவிட்டாலோ, ஏறத்தாழ 750 அடி உயரத்தில் அவர் இன்னும் கல்லைப் போல் விழுந்துகொண்டிருப்பதை உணர்ந்து, அது தானாகவே காப்புக்குடையின் கட்டை அறுத்துவிடும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இம்மனிதர் தம் ஒட்டகத்தை மூன்று கயிறுகளால் கட்டியிருந்தார்.

விமானம் 13,000 அடிக்கு ஏறக் கால் மணி நேரத்துக்கு மேலாகிறது. அங்கிருந்து குதித்தால் முதற்பத்து விநாடிகளில் ஆயிரம் அடி. பிறகு வேகம் கூடுவதில்லை. கீழே இழுக்கும் எடையும் மேலே தள்ளும் காற்றும் சமமாகிவிட, மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் வேகம் நிலைக்கிறது. வயிறு புரள்வதில்லையாம், விழுகிறோம் என்ற உணர்வே இராதாம், காற்றின்மேல் குப்புறப் படுத்திருப்பது போலிருக்குமாம். ஒரு நிமிடம்! அதற்குள் குடையை விரித்தாக வேண்டும். பின்னர் ஐந்தாறு நிமிடம் மிதந்து இறங்குவார்கள். இறங்கியதும் உயரம், நேரம் முதலிய விவரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். 25 குதிப்புகள் ஆனால் முதற்படி உரிமம். 500 ஆனால் உச்சப்படி. மேல்நாடுகளில், எதையேனும் முதன்முறை செய்து முடித்தவர் மற்றவர்களுக்கு மது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றொரு வழக்கம் உண்டாம். அது அவர்கள் பாடு. எனக்கு அவர் வாங்கித் தந்தது இரண்டு குவளை கரக் தேநீர்.

"அந்த ஒரு நிமிடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஒன்றும் இல்லை, அதுதான் அதன் அருமை" என்றார். வாரம் முழுவதும் தலைக்குள் ஒலிக்கும் கடன், தவணை, மேலாளரின் குரல், மகளின் பல் ஆகிய எதுவும் அந்த அறுபது விநாடிகளில் இருப்பதில்லையாம். அச்சமற்றவர் என்று அவரை நினைத்திருந்தேன், அதையும் மறுத்தார். விமானத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் அச்சம் வருகிறது, அது வராத நாளில் இதனை விட்டுவிடுவேன் என்றார்.

மலைமுகட்டிலிருந்தும் கட்டிடங்களிலிருந்தும் ஒரே குடையுடன் குதிக்கும் வேறொரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றிக் கேட்டபோது நண்பர் முகம் சுளித்து, "அவர்கள் பைத்தியக்காரர்கள், காப்புக்குடை கூட வைத்துக்கொள்வதில்லை!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பற்றி எங்கள் அலுவலகம் பேசியதும் இதே பேச்சுத்தான். எந்தப் படியில் நிற்பவரும் தமக்கு அடுத்த படியில் நிற்பவரையே பித்தர் என்கிறார். நாமும் விலக்கல்லர். ஒரே மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டபடி செல்பவர், வான்குடைக்காரரைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு 'ச்சொச்சொ' கொட்டுகிறார்.

எங்கள் வாதங்களிலெல்லாம் நண்பர் தவறாமல் எடுத்துவைக்கும் சான்று ஒன்றுண்டு: குதிப்பதைவிடத் திடலுக்குக் காரில் வருவதே ஆபத்து என்பது. உலகெங்கும் வான்குதிப்பாளர்கள் இதனை வேதவாக்காகச் சொல்வர். தொழிற்பழக்கம் என்னை விடவில்லை, கூட்டிப் பார்த்தேன். பின்னாளில் வெளிவந்த 2023ஆம் ஆண்டின் அமெரிக்கப் புள்ளிகளைக் கொண்டு அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். அவ்வாண்டு அந்நாட்டில் ஏறத்தாழ 36½ லட்சம் குதிப்புகள். இறந்தவர் 10 பேர். 3,65,000 குதிப்புகளுக்கு ஓர் உயிர். வாழ்நாளில் ஒருமுறை, பயிற்றுநரின் உடலோடு பிணைத்துக்கொண்டு குதித்து மகிழ்பவருக்கு நண்பரின் கூற்று ஓரளவு பொருந்தும். ஆனால் நண்பர் ஆண்டுக்கு 200 முறை குதிப்பவர். அப்படியானால் அவருக்கு ஓராண்டின் அபாயம் சுமார் 1,825இல் ஒன்று. அதே ஆண்டு அமெரிக்கச் சாலைகளில் இறந்தோர் ஏறக்குறைய 41,000 பேர். மக்கள் தொகையோடு வகுத்தால் எண்ணாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. சாலையைவிட வானம் நான்கு மடங்குக்கு மேல் ஆபத்து! இருபது ஆண்டு இப்படியே குதித்தால் நாலாயிரம் குதிப்புகள்; அபாயம் தொண்ணூற்றுச் சொச்சத்தில் ஒன்று. கவனமுள்ளவர்க்கு இது குறையும், அசட்டையானவர்க்கு ஏறும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு குதிப்பின் அபாயம் வேறு, குதிக்கும் பழக்கத்தின் அபாயம் வேறு. நண்பர் பொய் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்வதற்கு ஒரு சமாதானம் தேடியவர், முதலில் தம்மையே சமாதானம் செய்துகொண்டுவிட்டார்.

அபாயம் சிறிதன்று என்பது தெளிவாயிற்று. இனி அது தகுமா என்ற கேள்விக்கு வருவோம்.

உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், நம் விருப்பம்போல் செலவழிக்க நாம் அதன் உடைமையாளர் அல்லர் என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அந்த எண்ணத்துடன்தான் முதலில் அவரை மறுத்துப் பேசினேன். ஆனால் அமானிதப் பொருளைப் பெட்டியில் பூட்டி வைப்பது ஒன்றே அதனைப் பேணும் முறையா? மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் முத்துக் குளித்தனர். கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, சுறாக்கள் திரியும் நீருக்குள் இறங்கினர். செயற்கை முத்து வந்து 1930களில் அத்தொழிலை நசுக்கும்வரை துபாய் மக்களும் அதையே செய்தனர். அவர்களை யாரும் அமானிதம் பேணாதவர் என்று பழித்ததில்லை. 'அது வயிற்றுப்பாடு, இது வேடிக்கை' என்று நீங்கள் கூறக்கூடும். நானும் அப்படித்தான் கூறினேன். ஆனால் அந்த வேறுபாடு நான் நினைத்த அளவுக்கு உறுதியானதன்று. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்கியவன், கூலி வேலை கரையிலேயே கிடைத்தபோதும் கடலை விடாதிருந்ததுண்டு. மனத்துக்கும் ஒரு பசி இருக்கிறது. அதற்கும் தீனி வேண்டும் என்பதை முற்றும் மறுப்பவன் மனிதரை அறியாதவன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸை நம் பிள்ளைகளுக்குப் பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறோம். துபாயில் இப்னு பதூதா பெயர் தாங்கிய பேரங்காடியில் அவருடைய உருவம் சிறகுகளுடன் தொங்குவதைக் குடும்பத்தோடு அண்ணாந்து பார்த்திருக்கிறோம். இறகுகளைப் போர்த்து, சிறகுகள் கட்டி, உயரத்திலிருந்து பாய்ந்து சற்றுத் தூரம் பறந்தார் என்று பல நூற்றாண்டு கழித்து எழுதிய அல்-மக்கரீ பதிந்து வைத்திருக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின் நிஷாப்பூரில், பெரும் அகராதி ஒன்றை ஆக்கிய அல்-ஜவ்ஹரீ, பறக்க முயன்று பள்ளிவாசல் கூரையிலிருந்து விழுந்து மாண்டார். பிழைத்தவர் அறிஞரெனப் போற்றப்படுகிறார். மாண்டவர் புத்தி பேதலித்தவராகச் சொல்லப்படுகிறார். முடிவைப் பார்த்துச் செயலுக்குப் பெயர் வைப்பது நம் பழைய வழக்கம். படிவத்தில் எண் எழுதிக்கொடுத்த எனக்கு அந்த வசதி இல்லை. முடிவு தெரிவதற்கு முன்பே நான் தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருந்தது.

இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றில் என் மனத்தைத் தைத்த செய்தி வேறொன்று. பறக்கும்போது அவருக்கு ஒன்றும் நேரவில்லை; இறங்கும்போதுதான் முதுகில் அடிபட்டார். பறவை தன் வாலைக் கொண்டு வேகத்தை அடக்கி இறங்குவதை அவர் கருதவில்லையாம். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வான்குதிப்பாளரின் இடர் இறங்குவதிலேயே இருக்கிறது என்பது வியப்பன்றோ? 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்டோர் இவ்விளையாட்டில் இறந்தனர். குடை விரியாமை அன்றைய அச்சம். கருவிகள் சிறந்தன, இறப்புகள் குறைந்தன. ஆனால் இறப்பின் வகை மாறிற்று. 1990களுக்குப் பின் இறந்தவர்களில் கணிசமானோர், பழுதின்றி நன்றாக விரிந்த குடையின் கீழேயே தரையில் மோதி இறந்தனர். காரணம் எளியது. குடை விரிவது உறுதியான பின், மெதுவாக இறங்கும் பெரிய குடை அவர்களுக்குச் சலித்துவிட்டது. சிறிய குடை, விரைந்த குடை வேண்டினர். தரையை உரசிக்கொண்டு பாய்ந்திறங்கும் கலையைப் பயின்றனர்.

பழுதான குடையை நொடியில் கழற்றிவிடும் மூன்று வளையப் பூட்டைக் கண்டுபிடித்தவர் பில் பூத் என்னும் அமெரிக்கர். எண்ணற்ற உயிர்களைக் காத்த அவரே கசப்போடு ஒரு விதியைச் சொல்லிவைத்தார்: கருவி எவ்வளவுக்குப் பாதுகாப்பாகிறதோ அவ்வளவுக்குக் குதிப்பவர் துணிந்து, சாவின் எண்ணிக்கையைப் பழைய அளவிலேயே நிறுத்திக்கொள்வர் என்பது அதன் கருத்து. எண்ணிக்கை குறைந்துவிட்டதைப் பார்க்கையில் விதி சொல்லுக்குச் சொல் பலிக்கவில்லை; இறங்கும் பயிற்சியை அவர்கள் பின்னர் வலியுறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் மனித இயல்பைப் பற்றி அது சொல்வது மெய். கிடைத்த பாதுகாப்பைச் சேமித்து வைக்க நமக்குத் தெரிவதில்லை. அதையே முதலாக்கிப் புதிய ஆபத்தை வாங்கிவிடுகிறோம். என்னைக் கேட்டால், அறத்தின் கோடு விமானத்தின் வாசலில் இல்லை. அதைத் தாண்டி வெளியே பாய்பவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். தம்மைக் காக்கவென்று பிறர் உழைத்துச் செய்து கொடுத்ததை, மேலும் ஒரு கிளர்ச்சிக்கு விலையாகக் கொடுத்துவிடுபவரிடமே எனக்கு வழக்கு.

இந்த முடிவுக்கு வந்த நாட்களில் ஊருக்குப் பேசும்போது படிவத்தின் கதையை என் மனைவியிடம் சொன்னேன். அந்த ஆங்கிலேய அம்மையாருக்காக அவள் வருந்துவாள் என எதிர்பார்த்தேன். "அவர் வெள்ளிக்கிழமை போய் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்தானே, மச்சான்?" என்று மட்டும் கேட்டாள். சற்றுப் பொறுத்து, "நீங்கள் முதன்முதல் விமானம் ஏறினபோது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றாள்.

என்னிடம் விடையில்லை. இரண்டு ஆண்டுக்கொருமுறை நாற்பத்தைந்து நாள் விடுப்பு என்ற கணக்கில் ஓடிய வாழ்க்கை அது. என் வாப்பா மௌத்தான செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. அடக்கத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. வயிற்றுப்பாடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவர்களைக் கேட்காமலேயே அவர்களுடைய பங்கையும் சேர்த்துப் பணயம் வைத்தவன், வேடிக்கைக்காகக் குதிப்பவரிடம் போய் அமானிதம் பேசிக்கொண்டிருந்தேன். குதிப்பவரின் உயிரில் அவருக்கு மட்டும் பங்கில்லை. மனைவிக்கும் மக்களுக்கும் பெற்றவர்களுக்கும் பங்குண்டு. பலருடைய சரக்கு ஏறிய தோணியைப் புயலில் செலுத்த நினைப்பவன் அப்பலரையும் கேட்க வேண்டாமா? இது என் நண்பருக்குப் பொருந்துமானால் எனக்கும் பொருந்தும்.

2014இல் நண்பர் சிறிய குடை ஒன்றை விலை பேசினார். அவர் அதுவரை வைத்திருந்தது 150 சதுர அடி, புதியது 120. எடைக்கு அது மிகச் சிறியது, இறங்கும் வேகம் வெகுவாகக் கூடும் என்பதை அவரே விளக்கியிருக்கிறார். அதன் படத்தைக் காட்டியபோது அவர் கண்களில் தெரிந்த ஆசை, மகன் முதல் மிதிவண்டியைக் கேட்கும் ஆசை. நான் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதை வாங்கினால் படிவத்திலிருந்து என் எண்ணை எடுத்துவிடுங்கள். பழைய குடையோடு நீங்கள் எத்தனை முறை குதித்தாலும் நான் தொலைபேசியை அணைத்து வைக்கமாட்டேன்" என்றேன். அவர் முகம் சிவந்தது. குதிப்பதைப் பற்றி ஒன்றும் அறியாத நீங்கள் எனக்கு விதி சொல்கிறீர்களா என்று கேட்டார். உண்மைதான், எனக்கு அது தெரியாது. செய்தி வரும் தொலைபேசியை எடுப்பது எப்படியிருக்கும் என்பது தெரியும் என்றேன். வாப்பாவின் செய்தி வந்த இரவை அன்றுதான் அவரிடம் சொன்னேன்.

மூன்று வாரம் எங்களுக்குள் சரக்குச் சீட்டைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் கேட்கவில்லை. பின்னர் ஒரு வியாழன் மாலை, புதிதாக நிரப்பிய படிவம் ஒன்றை என் மேசையில் வைத்தார். குடையின் அளவு 150 என்றே இருந்தது. கீழ்ப்பகுதியில் முதலாவதாக அவர் மனைவியின் எண், அவர் கையெழுத்தாக இல்லாத வேறொரு கையெழுத்தில். நான் ஊர் திரும்பும்வரை என் எண் இரண்டாவதாக இருந்தது.